கரண்ட் போனது, கம்பைல் பாதியில் நின்றது

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதும் பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது. அதன் 'கரண்ட்' (Current) கிளையின் சோர்ஸை இறக்கி, சிஸ்டத்தின் புரோகிராம்களைக் கம்பைல் செய்யும் 'மேக் பில்ட்வேர்ல்டு' கட்டளையைப் போட்டேன். ஆறு மணி நேரம் ஓடிய பிறகு மின்சாரம் போய்விட்டது. சிஸ்டம் கெட்டிருக்குமா? விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

பதில்: சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பில்ட்வேர்ல்டு, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. கட்டியதையெல்லாம் /யுஎஸ்ஆர்/ஓபிஜே என்ற தனி டைரக்டரியில்தான் போட்டுவைக்கும். அது நாற்றங்கால், வயலில் நீங்கள் இன்னும் கால் வைக்கவில்லை.

ஆனால் தொடர வேண்டாம். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக நின்றிருக்கலாம். அதன் மேலேயே கட்டினால் சம்பந்தமில்லாத இடத்தில் எரர் வந்து, ஒரு நாள் முழுக்கத் தேட வைக்கும். அந்த டைரக்டரியைக் காலிசெய்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். ஆறு மணி நேரம் வீண்தான். அதில் பெரும்பங்கு கிளாங் கம்பைலரைக் கட்டவே போயிருக்கும். ரேம் 4 ஜிபிதான் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலை ஓடலாம் என்று சொல்லும் '-ஜே' எண்ணை 2-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

சரி, கடைக் கணக்குக்குக் கரண்ட் கிளை எதற்கு? (நம் ஊரில் கரண்டை நம்பி யார் எதைத் தொடங்குகிறார்கள்!) டெவலப்பர்கள் அன்றாடம் மாற்றிக்கொண்டே இருக்கும் கிளை அது. அதன் ஜெனரிக் கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் புரோகிராமின் பொது வடிவம்) பிழை பிடிக்கும் சோதனைகளும் சேர்ந்தே ஓடுவதால் பழைய மெஷின் இன்னும் தவழும். கெர்னலில் சொந்த மாற்றம் எதுவும் இல்லையென்றால் ஏற்கெனவே கட்டிவைத்த ஃபைல்களை இறக்கிப் போடும் 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்' போதும், கம்பைலே தேவையில்லை. சோர்ஸிலிருந்துதான் செய்வேன் என்றால் 14-இன் ரிலீஸ் கிளையை எடுங்கள். சப்வெர்ஷன், மெர்ஜ்மாஸ்டர் என்று பேசும் பழைய குறிப்புகளைப் பார்க்காதீர்கள். 2020 டிசம்பரிலேயே சோர்ஸ் சப்வெர்ஷனிலிருந்து 'கிட்' (Git) என்ற சேமிப்பு முறைக்கு மாறிவிட்டது.

கட்டும் முன் சோர்ஸில் உள்ள 'அப்டேட்டிங்' ஃபைலைப் படித்துவிடுங்கள். பில்ட்வேர்ல்டு, பில்ட்கெர்னல் முடிந்ததும் இன்ஸ்டால்கெர்னல். அப்புறம் ரீபூட் செய்து சிங்கிள் யூசரில் (பராமரிப்பு நிலை) நுழைந்து, மெர்ஜ்மாஸ்டருக்குப் பதிலாக அமைப்பு ஃபைல்களைப் புதுப்பிக்கும் 'இடிசிஅப்டேட் -பி', இன்ஸ்டால்வேர்ல்டு, மறுபடி இடிசிஅப்டேட். கெர்னல் முதலில் போவதற்குக் காரணம் உண்டு. புதுக் கெர்னலில் பழைய புரோகிராம்கள் ஓடும். புதுப் புரோகிராம்கள் கேட்கும் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம். புதுக் கெர்னல் எழாவிட்டால், லோடரில் (பூட்டின் தொடக்கத் திரை) 'கெர்னல்.ஓல்டு' என்று பழையதையே பூட் செய்துகொள்ளலாம்.

பயப்பட வேண்டிய இடம் இன்ஸ்டால்வேர்ல்டு ஒன்றுதான். லைப்ரரிகளையும் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக மாற்றும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பாதி பழசு, பாதி புதுசு. டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் என்றால் முன்கூட்டியே 'பெக்டில் கிரியேட்' போட்டு ஒரு பூட் என்விரான்மென்ட் (பூட் செய்யக்கூடிய சிஸ்டத்தின் நகல்) வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தாலும் பழைய நிலைக்கே எழுந்துவிடலாம். யுஎஃப்எஸ் என்றால் அந்த வசதி இல்லை. கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, யுபிஎஸ் முழுச் சார்ஜில் இருக்கும்போது, மாதாந்திர மின்தடை அறிவிப்பில்லாத ஒரு நாளில் கை வையுங்கள்.