பீலியில் மிதந்த படலமும் மற்றக் கேள்விகளும்

கேள்வி (பொகவந்தலாவை): எங்கள் பீலித் தண்ணீரில் (மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் நீர்) வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. மலைக்கு அடியில் பெற்றோலியம் இருக்கிறதா?

இல்லை. நம் மலைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை. எண்ணெய் உண்டாவது படிவுப் பாறையில். ஒரு குச்சியால் படலத்தைக் குத்திப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் துண்டுதுண்டாக உடைந்து நின்றால் அது இரும்புப் பக்டீரியா. பக்கத்தில் செம்மஞ்சள் சகதியும் தெரியும். சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான், மேலே எங்கிருந்தோ கசிகிறது. அதைக் குடிக்காமல் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். குச்சியால் குத்திப் பார்க்காமல் படம் மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்?

கேள்வி (கேகாலை): போகல சுரங்கத்துக் காரீயமும் (பென்சிலில் உள்ள கிராபைட்) கரிதானே, அடுப்பெரிக்கலாமா?

முடியாது. லேசில் தீப்பிடிக்காது. உலோகம் உருக்கும் மூசையையே அதில் செய்கிறார்கள்.

கேள்வி (ஹட்டன்): உலகிலேயே அதிக எண்ணெய் வெனிசுவேலாவிலாம். பிறகேன் அங்கே வறுமை? மன்னாரிலும் இருக்கிறதே, நாமும் பணக்காரர் ஆகலாமா?

எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நிலத்துக்கடியில் கிடப்பது வேறு, கிணற்று வாய்க்கு வருவது வேறு. வெனிசுவேலாவின் இருப்பு ஏறக்குறைய 30,000 கோடி பீப்பாய், சவூதியைவிட அதிகம். ஆனால் அண்மைய ஆண்டுகளில் நாளொன்றுக்கு எடுத்தது 10 இலட்சம் பீப்பாய்க்கு முன்பின்தான். அந்த இருப்பில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத அமெரிக்கா 1 கோடி 30 இலட்சம் எடுக்கிறது.

ஒரினோக்கோப் படுகையின் எண்ணெய் மிகக் கனமானது. மார்கழிக் காலையில் கித்துள் பாணிப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், அப்படித்தான் நகரும். இலேசான எண்ணெயைக் கலந்தால்தான் குழாயில் ஓடும். அதற்கு இயந்திரம், பணம், தேர்ந்த ஆட்கள் வேண்டும். மூன்றும் அங்கே தேய்ந்துபோயின. 2019இல் அமெரிக்கத் தடை இன்னும் இறுகியது.

மன்னாரில் 2011இல் கெயார்ன் நிறுவனம் கண்டது பெரும்பாலும் எரிவாயு, அதுவும் 1,300 மீற்றருக்கு மேல் ஆழமான கடலில். சில ஆண்டுகளில் கைவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து ஓர் அடுப்புக்குக்கூட வாயு வரவில்லை. மேடையில் யாராவது 'மன்னார் எண்ணெய்' என்றால், எந்த ஆண்டு எடுப்பீர்கள், யார் பணம் போடுவார்கள் என்று கேளுங்கள். சும்மா கைதட்டிவிட்டு வராதீர்கள்.

கேள்வி (பதுளை): 2022இல் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது, உலகில் எண்ணெய் தீர்வதாலா?

இல்லை. அந்த ஆண்டும் உலகம் நாளுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எரித்தது. நம்மிடம் வாங்க டொலர் இருக்கவில்லை, மானியத்தையும் எடுத்தார்கள். லயத்தில் குப்பி விளக்கோடு படித்த பிள்ளைகளுக்குத்தான் அந்த அடி முதலில் விழுந்தது. மறுபடியும் சொல்கிறேன்: நிலத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): பீப்பாய் எத்தனை லீற்றர்?

159. அடுத்த முறை ஊரை எழுதுங்கள்.