பல் செட் சரியாகப் பொருந்தவில்லை, "பழகிவிடும்" என்கிறார்கள். இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

மேல் வரிசையில் மூன்று பல்லுக்குக் கழற்றி மாட்டும் செட் போட்டு எட்டு மாதமாகிறது, சாப்பிடும்போது ஆடுகிறது, ஈறு புண்ணாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடுதல் உண்டு. நான் ஐந்து வருடம் பழகிப் பார்த்தவள்.

2014 மே மாதம் வேகத்தடையில் ஸ்கூட்டியோடு விழுந்ததில் மேல் முன்பல் இரண்டு போயின. வலது பக்கக் கடைவாய்ப்பல் இரண்டு அதற்கு முன்பே சொத்தையால் பிடுங்கியாகிவிட்டது. பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. தமிழாசிரியை பொக்கை வாயோடு வகுப்பில் போய் நிற்க முடியுமா? புண் ஆறியும் ஆறாமலும் அளவு கொடுத்து, 3,000 ரூபாய்க்கு அக்ரிலிக் செட் ஒன்று போட்டுக்கொண்டேன். அண்ணத்தை மூடும் இளஞ்சிவப்புத் தகடு, இரண்டு பக்கமும் பல்லைக் கவ்வும் கம்பி.

நாக்கு நுனி அண்ணத்தை வருடினால்தான் ழகரம் பிறக்கும் என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். என் அண்ணத்திலோ பிளாஸ்டிக்! முதல் நாள் "தமிழ்" என்று சொன்னதும் கடைசி பெஞ்சில் சிரிப்பு. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் படித்து இரண்டு வாரத்தில் சரியானது. இப்படிச் சில விஷயங்கள் நிஜமாகவே பழகும். பேச்சு பழகும், எச்சில் ஊறுவது குறையும், வாயில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பதும் போய்விடும். ஆடுவதும் குத்துவதும் அந்தக் கணக்கில் சேராது. அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன்.

ஏழாம் மாதம் செட் ஆட ஆரம்பித்தது. காரணம் பின்னால்தான் புரிந்தது. பல் போன இடத்தில் எலும்பு கரையும், முதல் சில மாதங்களில் அது வேகமாக நடக்கும். நான் அளவு கொடுத்தது மூன்றாம் வாரத்தில். எலும்பு கரைந்துவிட்டது, தகடு பழைய மேட்டுக்குச் செய்தபடியே நின்றது. நடுவில் விழுந்த சந்தில் கொய்யா விதையும் எள்ளும் போய் உட்கார்ந்தால் ஊசி குத்துவது போல இருக்கும். கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடியிருக்கிறேன்.

செட் போட்டவரிடம் போனால் "பழகிடும்மா" என்றார். வீட்டுக்காரர், "கொடு, நான் சரி பண்றேன்" என்று குறடை எடுத்துக் கம்பியை நெருக்கிக் கொடுத்தார். பிரமாதமாகப் பிடித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே வைத்தியம். நாங்கள் நெருக்க நெருக்க, ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்தக் கம்பி, தான் பிடித்திருந்த பல்லை நெம்பிக்கொண்டே இருந்தது. நாலாவது வருடம் நல்ல பல்லாக இருந்த அதுவும் ஆடியது. கடைசியில் எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் கம்பியை வளைக்காதீர்கள், தகட்டை உரசாதீர்கள். (நகம் தேய்க்கும் அரத்தால் அதையும் செய்தேன்.)

வாய்க்கு வெளியே நடந்த கெடுதலை நான் கவனிக்கவே இல்லை. வலித்ததால் ஒவ்வொன்றாக விட்டேன். முதலில் முறுக்கு, பிறகு வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய், பொரியல், கறி. தட்டில் மிஞ்சியது இட்லி, குழைந்த ரசம் சாதம், பாலில் நனைத்த பிரெட். எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.2 இருந்தது 8.6 ஆனது. மாத்திரையைக் கூட்டப் போன சர்க்கரை மருத்துவர் என்ன தோன்றியதோ, "டீச்சர், நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். "பயறு, காய் எதுவுமே காணோமே?" பல்லைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னதும், போய் முதலில் வாயைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார். இடது பக்கமாகவே மென்றதில் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி வேறு.

2019இல் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். செட்டைக் கழற்றியதும் பயிற்சி மருத்துவப் பெண் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தகடு இருந்த இடம் முழுக்க, வரைந்து வைத்த மாதிரி சிவந்திருந்தது. பூஞ்சைத் தொற்று. வலியே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. பல் இல்லாத முகத்தை வீட்டில்கூடக் காட்டக்கூடாது என்று ராத்திரியும் மாட்டிக்கொண்டே தூங்குவேன். அண்ணத்துக்கு மூச்சே விடாமல் மூடி வைத்திருந்தால், சர்க்கரையும் சேர்ந்துகொண்டால், பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? அதைவிடப் பயமுறுத்தியது அவர் அடுத்துச் சொன்னது. தளர்ந்த சின்ன செட் தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடுவதுண்டு. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, தேடிப் பிடிப்பதும் பாடு.

தகட்டின் ஓரத்தில் ஒரு புண்ணும் இருந்தது. உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பத்தாம் நாள் ஆறிவிட்டது. உங்கள் புண்ணுக்கும் இதே இரண்டு வாரக் கெடுதான். வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம் நடந்தது மெதுவான வேலை. பூஞ்சைக்கு மருந்து, சில வாரம் செட்டே இல்லாமல் இருப்பது, ஈறு பழைய நிலைக்கு வந்தபின் புதிதாக அளவு. இந்த முறை கோபால்ட் குரோமியம் உலோகச் சட்டம். என் பழைய செட் ஈறின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கடிக்கும் பாரம் முழுக்க ஈறுக்கு. புதியதில், மிச்சமிருக்கும் பல்லின் மெல்லும் பக்கத்தில் சின்னப் பள்ளம் எடுத்து அதில் உலோக நாக்கு ஒன்று உட்காருகிறது. பாரத்தைப் பல் வாங்கிக்கொள்கிறது. செலவு பழையதைப் போலப் பல மடங்கு. ஆனால் எல்லோருக்கும் புதுசு தேவைப்படாது. எட்டு மாதம்தான் என்கிறீர்கள், உட்பக்கத்தில் புதிதாக ஒரு அடுக்கு அக்ரிலிக் கொடுத்தே சரிசெய்ய வாய்ப்பிருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

ஒட்டுப் பசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு மேடைக்கு என்றால் சரி. தினமும் பசை தேவைப்பட்டால் செட் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை ஆண்டுக்கணக்கில் அதிகமாகப் பூசியவர்களுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து நரம்பு பாதித்த கதைகளும் உண்டு.

இப்போது ராத்திரி கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கிறேன். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு சேரும். வெந்நீர் கூடாது, அக்ரிலிக் கோணிக்கொள்ளும். வேர்க்கடலை திரும்ப வந்துவிட்டது. முறுக்கு வரவில்லை; அதை ஊறவைத்துச் சாப்பிட எனக்கு மனசில்லை.

நீங்கள் செட் போட்டவரிடமே இந்த வாரம் போங்கள். அவரும் பழகிவிடும் என்று சொன்னால் வேறு ஒருவரிடம் போங்கள். வலிக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். போவதற்கு முந்தின நாள் சில மணி நேரமாவது மாட்டியிருங்கள். ஈறில் தடம் சிவந்திருந்தால்தான் எங்கே அழுத்துகிறது என்று அவருக்குத் தெரியும்.