இழுத்துப் பிடித்தால் தலைவலி, விட்டால் தூக்கம்

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்கிறேன். உன்னிப்பாகக் கவனித்தால் புருவ மத்தியில் இறுக்கம், பிறகு தலைவலி. ‘சும்மா இரு’ என்கிறார்களே என்று விட்டுவிட்டால் தூங்கிவிடுகிறேன். முயற்சி வேண்டுமா, வேண்டாமா?

பதில்: வேண்டும், ஆனால் தொடர்ச்சியாக அல்ல, இடையிடையே விட்டுவிட்டுத்தான் வேண்டும். கவனத்தை 20 நிமிடமும் மூச்சின் மேலேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறீர்கள். மனம் நழுவத்தான் செய்யும். நழுவியதைக் கண்டுகொண்டு திரும்பக் கொண்டுவருவதோடு உங்கள் வேலை முடிந்தது. அடுத்த முறை நழுவும்வரை எதையும் பிடிக்க வேண்டாம். யோக சூத்திரத்தில் பதஞ்சலியும் அப்பியாசம் (விடாத பயிற்சி), வைராக்கியம் (பற்றை விடுதல்) இரண்டையும் ஒரே சூத்திரத்தில் (1.12) சேர்த்தேதான் சொல்கிறார்.

மூடிய கண்ணாலேயே மூக்கு நுனியை ‘பார்க்க’ முயன்றால் இந்தத் தலைவலி வரும். விழி உள்பக்கம் திரும்பும், நெற்றி சுருங்கும், பல் கடிபடும். மூச்சும் இயல்பு கெட்டு, நீங்களே இழுத்து விடுவதாக மாறியிருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் தாடையைத் தளர்த்துங்கள். கவனத்தை மூக்கிலிருந்து அடிவயிற்றுக்கு இறக்குங்கள். வெளிமூச்சை மட்டும் கடைசிவரை கவனியுங்கள். உள்மூச்சு தானாக வரட்டும். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி வரும். அந்த இடத்தில் பொறுக்காமல் மூச்சை இழுத்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலோர் இழுப்பார்கள், இறுக்கம் அங்கேதான் ஆரம்பம்.

தூக்கத்துக்கு: ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1-க்கு வாருங்கள். எண்ணிக்கை 14, 15 என்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தால் மயக்கம் தட்டிவிட்டது. முதுகை நிமிர்த்துங்கள், கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். அப்படியும் தலை தொங்கினால் மீதி நேரத்தை நின்றபடி செய்யலாம், தவறே இல்லை. இரவுத் தூக்கம் போதாதவர்களுக்கு இதெல்லாம் பெரிதாக உதவாது. தூங்கி எழுவதே வழி.

அப்பட்டமான தூக்கத்தைவிட ஏமாற்றுவது இதமான மந்தம். எண்ணங்கள் குறையும், உடம்பு லேசாகும், நேரம் போனதே தெரியாது. தியானம் கைகூடிவிட்டது என்று பலர் பூரித்துப்போவார்கள். அந்த நேரத்தில், மூச்சு இப்போது உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று உங்களையே கேளுங்கள். சட்டென்று பதில் வராவிட்டால் அது அரைத்தூக்கம். இந்தச் சோதனையை ஓர் அமர்வில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள். நிமிடத்துக்கொரு முறை கேட்டால் பழைய இறுக்கம் திரும்பிவிடும்.

தியானம் செய்யாத நேரத்திலும் தலைவலி இருந்தால், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.