ரெனிஸ் இரட்டையர்: பத்துப் புள்ளி ரைபிறேக்கில சேர்விஸ் ஒழுங்கை மாற்றலாமா?
வணக்கம் அக்கா. கிளிநொச்சியில நீங்கள் பழக்கிற பிள்ளைகள் செற் 1-1 ஆனபிறகு, மூன்றாவது செற்றுக்குப் பதிலா ஆடுற 10 புள்ளி ரைபிறேக்குக்கு சேர்விஸ் ஒழுங்கை மாற்றினதை எதிரணி பிழை எண்டு சொன்னதா எழுதியிருந்தீங்கள். பிழையே இல்லை, பிள்ளைகளைப் பேசாதேங்கோ! சேர்விஸ் போட எந்த அணியின்ர முறையோ அந்த அணிதான் தொடங்கவேணும். ஆனா அணிக்குள்ள ஆர் முதல் போடுறது, ஆர் எந்தப் பக்கம் நிண்டு எடுக்கிறது எண்டதைப் புதுச் செற் மாதிரியே மாற்றலாம். முதல் ஆள் ஒரு புள்ளி, பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. 6 புள்ளிக்கு ஒருக்கா பக்கம் மாறுங்கோ.

டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் தொழில்முறை ரெனிஸ் சங்கம்) மகளிர் இரட்டையரிலயும் இதுதான் முறை. கிராண்ட்ஸ்லாம் எண்ட நாலு பெரிய போட்டிகளின்ர மகளிர் இரட்டையரில முழு மூன்றாவது செற் ஆடுவினம், அதில 6-6 வந்தாத்தான் 10 புள்ளி ரைபிறேக்.

சோளகக் காத்து அடிக்கிற நாளில, வேகமா அடிக்கிற பிள்ளையை விட, பந்தைச் சேர்விஸ் பெட்டிக்குள்ள விழுத்துற பிள்ளையை முதல் சேர்விஸ் போட விடுங்கோ.