அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளால் யாருக்குப் பயன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2014இல் காத்மாண்டுவில் கூடியதற்குப் பின், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. அமைதிக்கும் மனித உரிமைக்கும் ஐ.நா. இருக்கும்போது, குழுப்படம் எடுத்துக்கொள்வதைத் தவிர இத்தகைய வட்டார அமைப்புகளால் யாருக்கு என்ன பயன்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் தங்கள் சலிப்பு நியாயமானதே. எல்லா முடிவுகளும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக் கூடாது என்று அதன் சாசனமே வாயைக் கட்டிவிடுகிறது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எகோவாஸின் வரலாறு வேறு.

1975இல் லாகோஸ் ஒப்பந்தத்தால் பிறந்த அந்த அமைப்பு, வணிகத்தையும் வளர்ச்சியையும் மனத்தில் கொண்டு தொடங்கப்பட்டது. உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இன்றி 90 நாள் தங்கலாம் என்று 1979இலேயே ஒப்புக்கொண்டார்கள். (எல்லைச் சாவடிகளில் கையூட்டுக்கு நீளும் கைகள் ஓயவில்லை என்பது வேறு கதை.)

அமைதி என்று பார்த்தால் உறுப்பு நாடான காம்பியாவைச் சொல்ல வேண்டும். 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜம்மே, 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றதை முதலில் ஏற்று, ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். அண்டை நாட்டுத் தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள்; பேச்சுக்குப் பின்னால் செனகல் எல்லையில் படையும் நின்றது. வெற்றிபெற்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். இரண்டே நாளில் ஜம்மே நாட்டைவிட்டு வெளியேறினார். ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது, ஆனால் களத்தில் நின்றவர்கள் அண்டை நாட்டார்தான்.

இதே அமைப்பு தலைவர்களைக் காப்பாற்றவும் செய்திருக்கிறது. எவரும் இருமுறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்ற யோசனை 2015இல் கானாவின் அக்ராவில் நடந்த மாநாட்டில் கைவிடப்பட்டது. 2020இல் கினியிலும் ஐவரி கோஸ்ட்டிலும் அதிபர்கள் மூன்றாம் முறை போட்டியிட்டபோது அது கண்டிக்கவில்லை. ஆனால் 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கடுந்தடைகள் பாய்ந்தன. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது; சரக்கு லாரிகள் பெனின் எல்லையில் காத்துக் கிடந்தன. துன்பப்பட்டவர்கள் சாதாரண மக்கள்தாம், தளபதிகள் அல்லர்.

ஆகவே இந்த அமைப்பின் பயனை நான் அதிபர்களின் மாநாட்டு மண்டபத்தில் தேடுவதில்லை, நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் உள்ள அதன் நீதிமன்றத்தில்தான் தேடுவேன். எல்லையை மூடியதால் நட்டமடைந்த நைஜீரிய வணிகர் ஒருவர் தொடுத்த வழக்கை, தனிமனிதர் வழக்காட விதியில்லை என்று 2004இல் அது தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டே விதி திருத்தப்பட்டது. அதன்பின் மனித உரிமை மீறலுக்கு ஆளான எவரும், உள்நாட்டு நீதிமன்றங்களின் படிகளையெல்லாம் ஏறி முடிக்காமலேயே அங்கே செல்லலாம் என்றாயிற்று.

நைஜரின் ஹதிஜாத்து மானி அப்படிச் சென்றவர். 12 வயதில் 2,40,000 சிஎஃப்ஏ பிராங்குக்கு (அந்நாட்டு நாணயம்) அடிமையாக விற்கப்பட்டவர் அவர். விடுதலை பெற்று வேறொருவரை மணந்தபோது, பழைய எஜமானன் அவரைத் தன் மனைவி என்று வாதிட, இருமணக் குற்றத்துக்காக உள்ளூர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவரையே சிறைக்கு அனுப்பியது. அபுஜா நீதிபதிகள் நைஜரின் தலைநகர் நியாமிக்கே வந்து சாட்சிகளைக் கேட்டார்கள். விற்றதும் வாங்கியதும் தனியார் என்றாலும், அடிமைத்தனத்திலிருந்து அவரைக் காக்கத் தவறியது அரசு என்று 2008 அக்டோபரில் தீர்ப்பளித்து, ஒரு கோடி சிஎஃப்ஏ பிராங்கு இழப்பீடு வழங்கச் சொன்னார்கள். நைஜர் அரசு அதைக் கொடுத்தது.

2025 ஜனவரியில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் எகோவாஸிலிருந்து விலகின. அதிபர்களின் சண்டையில் அந்நாட்டு மக்கள் இழந்தவற்றுள், தம் அரசின் மீதே வழக்குத் தொடுக்க இருந்த அந்த நீதிமன்றமும் ஒன்று.

அன்புடன்.