50 மீட்டர் என்று எழுதியிருந்தால் 50 மீட்டர் போகலாமா?

வாசகர் கேள்வி: நிக்கானோஸ் 5 என்ற பழைய நீரடிப் பிலிம் கேமராவை இணையத்தில் வாங்கினேன். அதனுடன் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும், ‘யு.டபிள்யூ.’ என்று பொறித்த 28 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வந்தன. கரையில் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தேன். 35-இல் எடுத்தவை தெளிவாக உள்ளன. 28-இல் எடுத்தவை அனைத்தும் மங்கல். லென்ஸைப் பிரித்துச் சரிசெய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். விற்றவரோ, ‘சோதித்துப் பார்த்தாயிற்று, 50 மீட்டர் வரை தைரியமாகப் போகலாம்’ என்கிறார். அடுத்த மாதம் கடலில் இறக்கலாமா?

பதில்: முதலில், அந்த 28 மி.மீ. லென்ஸை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் பழுது எதுவும் இல்லை. ‘யு.டபிள்யூ.’ என்ற குறிப்பு, அது நீருக்குள் மட்டுமே பயன்படும் லென்ஸ் என்பதைச் சொல்கிறது. முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நீர் இருக்கும் என்று கணக்கிட்டு, அந்த நீரையும் லென்ஸின் ஓர் அங்கமாகவே கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள். நீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் ஒளி வேறு விதமாக வளையும், படமும் மங்கத்தான் செய்யும். சரிசெய்வதாகச் சொல்பவர் இதை அறியாதவராக இருக்கலாம், அறிந்தும் சொல்லாதவராக இருக்கலாம்; எப்படியிருந்தாலும் அவர் பிரித்துத் திரும்பப் பூட்டிய லென்ஸ் நீருக்குள்ளும் உதவாமல் போக வாய்ப்பு அதிகம். இந்த வரிசையில் 15, 20, 28 மி.மீ. யு.டபிள்யூ. லென்ஸ்கள் நீருக்கு மட்டும் உரியவை, 35 மி.மீ., 80 மி.மீ. இரண்டும் நீருக்கும் நிலத்துக்கும் பொது. ‘எல்.டபிள்யூ.’ என்று பொறித்த இன்னொரு 28 மி.மீ. லென்ஸும் உண்டு. அது நேர் எதிர்: மழையையும் அலைத் தெறிப்பையும் தாங்குமே ஒழிய, நீருக்குள் மூழ்கவே கூடாது. ஓர் எழுத்து மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதை விற்பவர்கள் அறிவிப்பில் எழுதுவதில்லை, ‘28 மி.மீ., அருமையான நிலை’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இனி அந்த 50 மீட்டர். இந்தக் கேமராவின் மூதாதை, ஷான் த வூத்தேர் என்ற பெல்ஜியப் பொறியாளர் கடலாய்வாளர் ழாக் குஸ்தோவுக்காக வடிவமைத்த கலிப்சோ என்ற கேமரா. அதன் உரிமையைப் பெற்ற நிக்கான் நிறுவனம் 1963-இல் முதல் நிக்கானோஸை வெளியிட்டது. உங்களிடம் உள்ள ஐந்தாம் மாதிரி 1984-இல் வந்து, 2001-இல் நிறுத்தப்பட்டது. அதாவது, இருப்பதிலேயே இளைய கேமராவுக்கும் இருபது வயதுக்கு மேல் ஆகிறது. 50 மீட்டர் என்ற எண், புது ரப்பர் வளையங்களோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கேமராவுக்குக் கொடுத்த உறுதி. உலோக உடல் அப்படியே இருக்கும். நீரைத் தடுப்பது உலோகம் அல்ல, அதன் இணைப்புகளில் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங் எனப்படும் அந்த வளையங்கள். அவை காலத்தால் இறுகி, தட்டையாகி, அழுத்தத்தைத் தாங்கும் நெகிழ்வை இழந்துவிடுகின்றன.

இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. பின்கதவு, லென்ஸ் பொருந்தும் வாய், பெட்டரி மூடி, பிளாஷ் இணைப்பு மூடி ஆகிய நான்கு இடங்களின் வளையங்களை நீங்களே கழற்றி மாற்றலாம். ஆனால் ஷட்டர் விசை, பிலிம் நகர்த்தும் நெம்புகோல், பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ், வேகம் மாற்றும் வட்டு ஆகியவற்றின் தண்டுகள் உடலுக்குள் நுழையும் இடங்களிலும் வளையங்கள் ஒளிந்திருக்கின்றன. கேமராவைப் பிரித்தால் அன்றி அவற்றைத் தொட முடியாது. வெளியே உள்ள நான்கை மட்டும் மாற்றிவிட்டு ‘முழு சர்வீஸ்’ என்று விலையை ஏற்றுபவர்களே சந்தையில் அதிகம். ‘சோதித்தது’ என்ற சொல்லும் இப்படித்தான்: ஷட்டர் அடிக்கிறது, விளக்கு எரிகிறது என்பதைத் தவிர அதற்குப் பெரும்பாலும் வேறு பொருள் இல்லை. விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆழத்தின் அழுத்தத்தைச் செயற்கையாகத் தரும் அழுத்தக் கலத்தில் வைத்து எத்தனை மீட்டருக்குச் சோதித்தீர்கள், எந்தத் தேதியில்? பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்க அனுப்பும்போதும் கவனம் தேவை. இந்தக் கேமராவை முழுதாகப் பிரித்து வளையங்களை மாற்றத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே, கேமராவை வாங்கி அவர்களிடமே அனுப்பிவிட்டுத் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்ளும் தரகர்கள் பலர். வேலையைச் செய்யும் கை யாருடையது என்பதைக் கேட்டு, அவரிடமே நேரில் பேசுங்கள். இத்தனை ஆண்டுகள் விற்ற ஒரு கருவிக்கு, கூடவே ஓர் ஆழத்தையும் உறுதி சொல்லி விற்ற கருவிக்கு, உதிரிபாகங்களைத் தொடர்ந்து கிடைக்கச் செய்யும் கடமை எவருக்கும் இல்லை என்றாகிவிட்ட நிலையைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ரப்பர் வளையம் செய்வது ஒன்றும் விண்வெளி விஞ்ஞானம் இல்லை.

இந்தச் சோதனைக்கும் பிரிப்புக்கும் ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது. நீருக்குள் இறக்கும் எண்ணமே இல்லை, மழையிலும் மணலிலும் அலையோரத்திலும் படகின் மேலும்தான் படம் எடுப்பேன் என்றால், இந்த அழுத்தச் சோதனையும் முழுப் பிரிப்பும் உங்களுக்குத் தேவையில்லை. வெளி வளையங்கள் நான்கையும் புதிதாக்கி, 35 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டால் போதும். மேலே விழும் நீருக்கு ஆழத்தின் அழுத்தம் கிடையாது. ஆனால் மேலே விழும் நீர் வேறு, மூழ்குவது வேறு. மார்பளவு நீரில் நின்று கையை உள்ளே விட்டு ஒரே ஒரு படம் எடுப்பதும் மூழ்குவதுதான். விலக்கு அந்த நொடியிலேயே முடிந்துவிடும். குழாயை வேகமாகத் திறந்து அதன் நேர் அடியில் கழுவுவதும் அப்படித்தான். ‘கொஞ்சம்தானே’ என்று சொல்லித்தான் நானும் ஒரு கேமராவை இழந்தேன்: இடுப்பளவு நீர், பிளாஷ் இணைப்பு மூடியில் வளையமே இல்லை, விற்றவர் சொல்லவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை.

அழுத்தச் சோதனையில் தேறிவிட்டால், ஒவ்வொரு முறையும் வெளி வளையங்களைக் கழற்றி, அவை உட்காரும் பள்ளத்தை இழை உதிராத துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. வளையத்தை வழுக்க வைப்பதுதான் அதன் வேலை. அப்பித் தடவினால் மணலும் முடியும் ஒட்டும், ஒரு தலைமுடி போதும் கடல் உள்ளே வர. பெட்ரோலிய ஜெல்லி வேண்டவே வேண்டாம். பிறகு பிலிம் இல்லாமல் நன்னீர்த் தொட்டியில் அரை மணி நேரம் மூழ்கவிட்டு, எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள்.

உள்ளே போனபின் தூரத்தைக் கணிப்பதில் பலரும் இருமுறை திருத்தித் தவறுகிறார்கள். நீருக்குள் பொருள்கள் உண்மைத் தூரத்தில் முக்கால் தூரத்திலேயே தெரியும். 2 மீட்டரில் உள்ள மீன் 1.5 மீட்டரில் இருப்பது போலத் தோன்றும். உங்கள் 35 மி.மீ. லென்ஸும் முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும் உங்கள் கண்ணைப் போலவே ஏமாறுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் 1.5-ஐ லென்ஸின் தூர அளவில் அப்படியே வையுங்கள். மறுபடி முக்காலால் பெருக்காதீர்கள், கயிற்றால் அளந்த தூரத்தையும் வைக்காதீர்கள். இந்த லென்ஸ் 0.8 மீட்டருக்குக் கிட்டே குவியாது. ஆனாலும் இயன்றவரை நெருங்குங்கள், இடையே உள்ள நீர்தான் படத்தை மங்கச் செய்கிறது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் போய்விடுவதால், பிளாஷ் இல்லையென்றால் மேல்நீரிலேயே, சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில், ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) 400 உள்ள நெகட்டிவ் பிலிமில் எடுங்கள்.

வெளியே வந்ததும் கேமராவைத் திறக்காமலே நன்னீரில் ஊறவைத்து, குமிழ்களைத் திருப்பி உப்பை வெளியேற்றுங்கள். கையையும் தலைமுடியையும் துவட்டியபின், பின்கதவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறந்தால், இடுக்கில் தங்கிய துளிகள் பிலிமில் விழாமல் கீழே விழும். லென்ஸைக் கழற்றும்போது லென்ஸ் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒருவேளை உள்ளே கடல்நீர் புகுந்திருந்தால் உடனே பெட்டரிகளை எடுத்துவிட்டு, தயங்காமல் நன்னீரில் அலசுங்கள். உப்போடு காயவிட்டால் மீட்கவே முடியாது. நனைந்த பிலிமையும் உலர்த்தாமல், நன்னீரிலேயே வைத்துக் கழுவும் கூடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்த மாதத்துக்குள் அழுத்தச் சோதனை முடியாது என்றால், 35 மி.மீ. லென்ஸோடு படகின் மேலேயே இருங்கள், 28 மி.மீ. லென்ஸ் அதுவரை பெட்டியில் இருக்கட்டும்.