சிப்பாய்க்குச் சம்பளம் போய்ச் சேருகிறதா?

கேள்வி: உள்நாட்டுச் சண்டையில் நொடிந்துபோன நாடுகளுக்கு ராணுவப் பயிற்சி, போலீஸ் பயிற்சி என்று வெளிநாடுகள் உதவுகின்றன. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினால் என்ன?

பதில்: கட்டலாம். ஆனால், டீச்சரும் நர்ஸும் பயமில்லாமல் வந்துபோக வேண்டுமே! மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 1989-இல் தொடங்கி விட்டுவிட்டு நடந்த சண்டை 2003-இல்தான் ஓய்ந்தது. ஐ.நா. படை போய் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆயுதங்களை ஒப்படைக்க வைத்தது. 2007-இல் நம் சி.ஆர்.பி.எஃப். பெண் போலீஸார் அங்கே போனார்கள். ஐ.நா. அனுப்பிய முதல் மகளிர் போலீஸ் பிரிவு அது. தலைநகர் மன்ரோவியாவில் இரவு ரோந்து போனார்கள். 2016-இல் அவர்கள் திரும்பியபோது, லைபீரிய போலீஸில் பெண்கள் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அதற்காக எல்லா உதவியும் பலித்துவிடாது. ஆப்கான் படைகளுக்கு அமெரிக்கா 8,000 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. ஆளே இல்லாத பெயர்களுக்கும் சம்பளம் போனது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் முன்னால் அந்தப் படைகள் சரிந்தன.

என்னைக் கேட்டால், முதலில் சம்பளப் பட்டியலைத்தான் பார்க்கச் சொல்வேன். காங்கோவில் சிப்பாய்களின் சம்பளம் தளபதிகள் கை வழியாகப் போய், பாதியிலேயே கரைந்தது. சம்பளம் வராத சிப்பாய் யாரிடம் கை வைப்பான்? ஊர் ஜனங்களிடம்தான். 2005-இல் போன ஐரோப்பிய ஒன்றியக் குழு சிப்பாய்களைத் தலை எண்ணியது, கைரேகை எடுத்தது, அடையாள அட்டை கொடுத்தது. பட்டுவாடாவைத் தளபதிகளிடமிருந்து பிரித்தது. காங்கோவின் கிழக்கே சண்டை இன்னும் ஓயவில்லை, உண்மைதான். ஆனாலும் ஒரு துப்பாக்கிகூடத் தராத இந்த உதவியை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

கேள்வி: சரி, கண்ணிவெடி எடுப்பது பாதுகாப்பு உதவியா, வளர்ச்சி உதவியா?

பதில்: இரண்டும்தான். கருவி 'பீப்' என்றதும், அந்த இடத்தை நேராகக் குத்தாமல், பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். பல நேரம் வெறும் ஆணிதான் கிடைக்கும். அப்புறம்தான் அடுத்த அடி. மொசாம்பிக்கில் 1992-இல் போர் முடிந்தது. வயல், மின்கம்பத்தடி, ரயில் பாதையோரம் என்று சுத்தம் செய்து முடிக்க 2015 ஆனது. பணம் கொடுத்த நாடுகள் நடுவில் கையை உதறியிருந்தால், அந்த வயல்களில் பல இன்றும் தரிசாகவே கிடந்திருக்கும்.